எல்இடி பல்பும் ஒட்டிக்கொள்ளும் ரிலேயும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வாசலிலும் மாடிப்படியிலும் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும்படி எல்இடி பல்புகளை அமைத்தவர்கள், ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழிந்தபின் பெரும்பாலும் ஒரே வகைப் புகாரைச் சொல்வார்கள். அணைய வேண்டிய நேரத்தில் விளக்கு அணைவதில்லை. ரிலே, அதாவது மின்சாரத்தால் தானாக இயங்கும் சுவிட்ச், இருக்கும் பெட்டியை விரலால் தட்டினால் ‘டிக்’ என்ற ஒலியுடன் அணைந்துவிடுகிறது. சில நாள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு மறுபடியும் அதே தொல்லை. ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது, இணைத்திருக்கும் பல்புகள் எல்லாம் சேர்ந்து 2 ஆம்பியர்கூட எடுப்பதில்லை, அப்படியிருக்க அது ஏன் பழுதாக வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கான விடையையும், புதிதாக ரிலே அல்லது சுவிட்ச் வைத்து விளக்குகளை இயக்க நினைப்பவர் வாங்குவதற்கு முன்பும் பொருத்தும்போதும் செய்ய வேண்டியவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் நம் வீடுகளில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்துக்கானவை.

தொடங்குவதற்கு முன் பாதுகாப்பைப் பற்றிச் சில வரிகள். ஒட்டிக்கொண்ட ரிலேயைப் பொறுத்தவரை, ‘அணைத்துவிட்டேன்’ என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. கட்டுப்பாட்டுப் பலகை அணைத்துவிட்டதாகக் காட்டினாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். ஆகவே எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள தானியங்கித் துண்டிப்பானை) இறக்கி, டெஸ்டரால் இரண்டு முனைகளையும் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். கழற்றிய பல்பைப் பிரித்துப் பார்ப்பவர், உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது; சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை அதன் இரு கால்களுக்கும் இடையே சிறிது நேரம் பிடித்து, மின்னேற்றத்தை வடித்த பிறகு தொடுங்கள். வீட்டு மின்னிணைப்பில் நேரடியாக வேலை செய்யும் பழக்கம் இல்லாதவர், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை உடன் வைத்துக்கொள்வதே முறை.

முதல் படி: பல்பு எடுக்கும் இரண்டு மின்னோட்டங்களைப் பிரித்தறிதல்

குண்டு பல்பு காலத்திலேயே தொடக்கப் பாய்ச்சல் என்ற ஒன்று இருந்தது. 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் இழையின் மின்தடை 529 ஓம். குளிர்ந்த நிலையில் அது பன்னிரண்டு முதல் பதினைந்து மடங்கு குறைவு, அதாவது ஏறக்குறைய 40 ஓம். 230 வோல்ட் மின்சாரத்தின் அலை உச்சியில் 325 வோல்ட் இருப்பதால், அந்த நொடியில் சுவிட்ச் போட்டால் சுமார் 8 ஆம்பியர் பாயும். இழை சூடேறச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகும், பிறகு மின்னோட்டம் இயல்பான அளவுக்கு இறங்கிவிடும். பழைய சுவிட்சுகளும் ரிலேக்களும் இந்த அளவைத் தாங்கிப் பழகியவை.

எல்இடி பல்பும் அதற்கு முன் வந்த சிஎஃப்எல் விளக்கும் இழையை நம்பி இயங்குபவை அல்ல. உள்ளே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும், நான்கு டையோடுகள் கொண்ட திருத்திச் சுற்றும், அதை அடுத்து ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. எலெக்ட்ரீஷியன்கள் ‘கப்பாசிட்டர்’ என்றோ ‘கண்டென்சர்’ என்றோ சொல்வது இதைத்தான். வெறுமையாக இருக்கும் மின்தேக்கிக்கு முதன்முதலில் மின்னழுத்தம் கிடைக்கும்போது, அது அந்தக் கணத்துக்கு ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொள்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பல்பின் அடியில் இருக்கும் சிறிய உருகு மின்தடையும் வீட்டுக் கம்பியின் மின்தடையும் மட்டுமே. எடுத்துக்காட்டாக, 4.7 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் 10 ஓம் உருகு மின்தடையும் கொண்ட 9 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரியும்போது, அதன் திறன் காரணி (பவர் ஃபேக்டர்) 0.5 என்று கொண்டால், அது எடுப்பது 0.08 ஆம்பியர்தான். ஆனால் அலை உச்சியில் சுவிட்ச் போடும் கணத்தில் 325-ஐ 10-ஆல் வகுத்தால் வரும் 32 ஆம்பியர் வரை பாயக்கூடும். இயல்பு அளவைப் போல 400 மடங்கு. இந்தப் பாய்ச்சல் ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதால் கண்ணுக்கும் தெரியாது, மின் மீட்டருக்கும் தெரியாது.

எல்லாப் பல்பும் இப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்இடி சில்லுகள் இருக்கும் அதே தகட்டிலேயே இயக்கியையும் (டிரைவர் சுற்றையும்) வைத்துச் செய்யும் மலிவு விலைப் பல்புகள் சிலவற்றில் மின்தேக்கி மிகச் சிறியது, சிலவற்றில் இல்லவே இல்லை. இவை ரிலேக்கு இதமானவை, ஆனால் அவற்றின் ஒளி, மின்சாரத்தின் அலையோடு சேர்ந்து துடிக்கும். மாறாக, 20 வாட் பேட்டன், பேனல் விளக்கு, தெருவிளக்கு, ஃபிளட்லைட் போன்றவற்றில் மின்தேக்கி பெரிதாகவே இருக்கும். வாட் அளவு ஒன்றாக இருந்தும் இரு பல்புகளின் தொடக்கப் பாய்ச்சல் பல மடங்கு வேறுபடலாம் என்பதால், வாட்டை மட்டும் பார்த்து ரிலே வாங்குவது இங்கே பயன் தராது.

இரண்டாம் படி: தொடுமுனையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

ரிலேயின் உள்ளே சுருளால் இழுக்கப்பட்டு ஒன்றையொன்று தொடும் இரண்டு உலோகப் பொட்டுகளைத் தொடுமுனைகள் என்கிறோம். கடையிலும் பட்டறையிலும் ‘பாயிண்ட்’ அல்லது ‘காண்டாக்ட்’ என்றால்தான் புரியும். அவை ஒரே தடவையில் தொட்டு நிற்பதில்லை. தரையில் போட்ட பந்து சில முறை குதித்த பிறகே நிற்பது போல, தொடுமுனைகளும் முதலில் தொட்டு, பிரிந்து, மறுபடி தொட்டு, ஒன்றிரண்டு மில்லி விநாடிகளுக்குப் பிறகே அமர்கின்றன. எல்இடி பல்பின் பாய்ச்சல் முழுவதும் நடந்து முடிவது முதல் தொடுகையின்போது. அந்த வேளையில் பொட்டுகளுக்கு இடையே அழுத்தம் மிகக் குறைவு, உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஊசிமுனை அளவே.

வெள்ளியின் உருகுநிலை ஏறக்குறைய 962 பாகை செல்சியஸ். அந்த வெப்பத்தை எட்ட, வெள்ளித் தொடுமுனைகளின் குறுக்கே வெறும் 0.37 வோல்ட் விழுந்தால் போதும் என்பது தொடுமுனை இயலில் நன்கு நிறுவப்பட்ட அளவு. பல பல்புகள் சேர்ந்தால் வரக்கூடிய 200 ஆம்பியர் (கணக்கு அடுத்த படியில்) பாயும்போது 2 மில்லி ஓம் மின்தடை இருந்தாலே 0.4 வோல்ட் ஆகிவிடுகிறது. அழுத்தம் இல்லாத முதல் தொடுகையில் அந்த அளவு மின்தடை இருப்பது வியப்பில்லை. ஆகவே தொட்ட புள்ளி உருகுகிறது. பொட்டுகள் துள்ளிப் பிரிந்து, மறுபடி மூடும்போது அந்த உருகிய இடத்தின் மேலேயே வந்து அமர்கின்றன, உலோகம் இறுகுகிறது, ஒரு சிறு பற்று விழுகிறது.

இப்படி விழும் பற்றுகளை ரிலேயின் சுருள்வில் பெரும்பாலும் பிய்த்து விடுவதால்தான் பல மாதங்களுக்கு யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பிய்க்கும்போதும் ஒரு பக்கத்தில் மேடும் மறுபக்கத்தில் பள்ளமும் உருவாகி, அடுத்த தொடுகை இன்னும் சிறிய முனையில் நடக்கிறது. ஒருநாள் பற்று வில்லை வென்றுவிடுகிறது. பெட்டியைத் தட்டினால் அணைவதற்கும் இதுவே காரணம்: அந்தச் சிறு அதிர்ச்சி, வில்லுக்குத் தேவைப்பட்ட கூடுதல் விசையைத் தருகிறது. பழுதான ரிலேயின் உறையை அறுத்துப் பார்த்தால், பொட்டின் நடுவில் கருத்த வளையமும் அதற்குள் உருகி உறைந்த சொரசொரப்பும் தெரியும். ஒரு முறையாவது அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று கற்றுக்கொள்பவர்களிடம் நான் வலியுறுத்துவேன். ஏடுகளில் படிப்பதைவிட அது ஆழமாக மனத்தில் பதியும்.

அணைக்கும் நேரத்தைப் பொறுத்தவரை எல்இடி நல்லது என்றே சொல்ல வேண்டும். பல்பு மின்சாரத்தை அலை உச்சிக்கு அருகில் மட்டும் சிறு துணுக்குகளாக எடுப்பதால், பிரியும்போது தீப்பொறி பெரிதாக எழுவதில்லை. இயங்கும் மின்னோட்டம் குறைந்திருப்பதால், தளர்ந்த திருகுகள் சூடேறிச் சுவிட்ச் போர்டு கருகுவதும் குறைந்திருக்கிறது. கேடு முழுவதும் போடும் கணத்தில்தான்.

மூன்றாம் படி: மொத்தச் சுமையைக் கணக்கிடுதல்

ஒரு வீட்டின் வெளிச்சுவரில் மேலே சொன்ன 9 வாட் பல்புகள் 20 ஒரே ரிலேயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எரியும்போது எடுப்பது 1.6 ஆம்பியர். போடும் கணத்தில் இருபது மின்தேக்கிகளும் இணையாகச் சேர்ந்து 94 மைக்ரோ ஃபாரட் ஆகின்றன. இருபது 10 ஓம் மின்தடைகள் இணையாகச் சேர்ந்து அரை ஓம் ஆகின்றன. கம்பியின் மின்தடை இன்னொரு அரை ஓம் என்றால் மொத்தம் 1 ஓம், எனவே தாளில் 325 ஆம்பியர். கம்பியின் தூண்டல் (இண்டக்டன்ஸ்) மின்னோட்டத்தின் எழுச்சியைச் சற்று மந்தப்படுத்துவதால், 50 மைக்ரோ ஹென்றி தூண்டல் இருப்பதாகக் கொண்டு நான் கணக்கிட்டபோது உச்சம் ஏறக்குறைய 200 ஆம்பியர் வந்தது. 10 ஆம்பியர் ரிலேயின் வழியாக, ஒவ்வொரு முறை விளக்கு எரியும்போதும், அந்த 200 ஆம்பியர் பாய்கிறது.

அடுத்து, ஒரு நாளில் எத்தனை முறை இயங்கும் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். வரவேற்பறை விளக்கு நாளுக்கு 10 முறை என்றால் ஆண்டுக்கு 3,650. மாடிப்படியில் உள்ள நடமாட்ட உணரி நாளுக்கு 150 முறை என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 55,000. சாதாரண ரிலேக்களின் தரவுத்தாளில் 1,00,000 முறை என்று எழுதியிருப்பார்கள். அது ஹீட்டர் போன்ற வெறும் மின்தடைச் சுமைக்கான எண்ணிக்கை. அந்தக் கணக்கிலேயே பார்த்தாலும் மாடிப்படி ரிலே இரண்டு ஆண்டு தாண்டாது. விரலால் அழுத்தும் சுவர்ச் சுவிட்சுகளில் இந்தத் தொல்லை குறைவாகக் கேள்விப்படுவதற்குக் காரணம், இயங்கும் எண்ணிக்கை குறைவு என்பதோடு, சிறு பற்று விழுந்தாலும் விரலின் விசை அதைப் பிய்த்துவிடுவதுதான். எனவே கவலைப்பட வேண்டிய வரிசை இது: நடமாட்ட உணரிகள், அந்தியில் எரிந்து விடியலில் அணையும் ஒளி உணரிகள், டைமர்கள், கைப்பேசியில் இயக்கும் ஸ்மார்ட் ரிலேக்கள், கடைசியாகச் சுவர்ச் சுவிட்சுகள்.

அளந்து பார்க்க விரும்புபவருக்கு ஓர் எச்சரிக்கை. கிளாம்ப் மீட்டர்களில் உள்ள தொடக்க மின்னோட்ட வசதி மோட்டார்களை நினைத்துச் செய்யப்பட்டது. பெரும்பாலானவை 100 மில்லி விநாடி அளவுக்கு நீளும் இடைவெளியில் சராசரி எடுப்பதால், 0.1 மில்லி விநாடியில் முடிந்துவிடும் பாய்ச்சல் அதில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். இதைக் காண, அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பும் அதனோடு இணைக்கும் வேகமான கரண்ட் ப்ரோபும் வேண்டும். அவை இல்லாதவர் மேலே செய்த கணக்கையே நம்பலாம்.

நான்காம் படி: ரிலேயையும் சுவிட்சையும் படித்து வாங்குதல்

ரிலேயின் தலையில் இருக்கும் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்ற எழுத்து மின்தடைச் சுமைக்கு உரியது. இதைத் தரநிலைகளே பிரித்துச் சொல்கின்றன. காண்டாக்டர்கள் எனப்படும் பெரிய ரிலேக்களுக்கான ஐஇசி (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60947-4-1 தரநிலையில் ஏசி-1 என்பது ஹீட்டர் போன்ற சுமை, ஏசி-3 என்பது மோட்டார், ஏசி-5ஏ என்பது டியூப்லைட் போன்ற மின்னிறக்க விளக்குகள், ஏசி-5பி என்பது குண்டு பல்புகள். ஒரே கருவிக்கு இந்த ஒவ்வொரு வகையிலும் வெவ்வேறு ஆம்பியர் அளவு இருக்கும். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது ஏசி-1 அளவே என்று எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தரவுத்தாளில் தேடுங்கள். நல்ல ஸ்மார்ட் ரிலேக்களின் கையேட்டில் குண்டு பல்புக்கு இத்தனை வாட், எல்இடிக்கு இத்தனை வாட் என்று தனித்தனியே அட்டவணை இருக்கும். எல்இடிக்கான எண் மிகச் சிறியதாக இருப்பதைக் கண்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், பின்பற்ற வேண்டியது அந்த எண்ணைத்தான்.

தொடுமுனை உலோகம் எது என்பது அடுத்த கேள்வி. வெள்ளி–நிக்கல் கலவை பொதுப் பயன்பாட்டுக்கு நல்லது, ஆனால் பாய்ச்சலில் எளிதில் பற்றிக்கொள்ளும். வெள்ளியோடு வெள்ளீய ஆக்சைடு கலந்த தொடுமுனை பற்றிக்கொள்வதை நன்றாக எதிர்க்கிறது. விளக்குச் சுமைக்கு இதையே கேட்டு வாங்குங்கள். அதற்கும் மேல், டங்ஸ்டன் முன்தொடுமுனை உள்ள ரிலேக்கள் உண்டு. அவற்றில் 3,400 பாகைக்கும் மேல் உருகும் டங்ஸ்டன் பொட்டு முதலில் தொட்டுப் பாய்ச்சலைத் தாங்கிக்கொள்கிறது, ஓரிரு மில்லி விநாடி கழித்து வெள்ளிப் பொட்டு தொட்டு, எரியும் நேரம் முழுவதும் மின்னோட்டத்தைச் சுமக்கிறது. இத்தகைய ரிலேக்களின் தரவுத்தாளில் 20 மில்லி விநாடிக்கு 120 ஆம்பியர், 165 ஆம்பியர் என்று பாய்ச்சல் அளவு வெளிப்படையாக எழுதியிருக்கும். அமெரிக்காவின் யூஎல் தர முத்திரை உள்ள சில ரிலேக்களில் டிவி-5, டிவி-8 என்ற குறியீட்டைக் காணலாம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் தொடக்கப் பாய்ச்சலை நினைத்து ஏற்பட்ட வகை அது. டிவி-5 என்றால் 78 ஆம்பியர் உச்சம், டிவி-8 என்றால் 117 ஆம்பியர் உச்சம்.

மாணவர்களும் புதிதாகக் கற்பவர்களும் வாங்கும் பலகைகளில் இருப்பது நீல நிறச் சதுர ரிலே. கற்றுக்கொள்வதற்கு அது நல்ல பொருள். வீட்டு விளக்குகளை நிரந்தரமாக அதில் மாட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு ரிலேக்கு ஐந்து பல்புகளுக்கு மேல் வைக்காமல், கீழே சொல்லும் என்டிசி தெர்மிஸ்டரையும் சேர்ப்பது என் வழக்கம்.

சுவிட்சுகளில் ஆம்பியர் எண்ணுக்குப் பின்னால் ‘ஏஎக்ஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டியூப்லைட் போன்ற, மின்தேக்கியோடு வரும் சுமையையும் வைத்துச் சோதித்த சுவிட்ச் அது. வீட்டுச் சுவிட்சுகளுக்கான ஐஇசி 60669-1 தரநிலையின் 2017 பதிப்பு, இயக்கியைத் தன்னுள்ளே கொண்ட எல்இடி, சிஎஃப்எல் பல்புகளுக்கென்றே தனிச் சோதனையைச் சேர்த்திருக்கிறது. இந்தியாவில் இதே பொருளுக்கான தரநிலை ஐஎஸ் 3854. மலிவு விலையில் எல்இடி பல்பு வழங்கும் நடுவண் அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5 அன்று தொடங்கியபின் நாடெங்கும் குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி மாட்டியபோது, சுவரிலிருந்த பியானோ சுவிட்சுகளை யாரும் மாற்றவில்லை. ஒன்றிரண்டு பல்புகளுக்கு அவை இன்னும் போதுமானவையே. பதினைந்து பல்புகள் உள்ள ஃபால்ஸ் சீலிங்கை ஒரே பழைய சுவிட்சில் போடும்போதுதான், அழுத்தும் கணத்தில் ‘சட்’ என்ற ஒலியும் சுவிட்சின் இடுக்கில் நீல வெளிச்சமும் தெரியத் தொடங்கும்.

ஐந்தாம் படி: பாய்ச்சலைக் குறைத்தல்

எல்லாவற்றிலும் எளிய வழி, சுமையைப் பிரிப்பது. 20 பல்புகளை ஐந்து ஐந்தாக நான்கு ரிலேக்களில் வைத்து, ஒவ்வொன்றையும் அரை விநாடி இடைவெளியில் போட்டால், எந்த ரிலேயும் கால்பங்குச் சுமைக்கு மேல் சுமக்காது. எம்சிபி காரணமில்லாமல் ட்ரிப் ஆகும் தொல்லையும் இதனால் தீரும். பி வகை எம்சிபி தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே இறங்கும்படி அமைந்தவை. பல விளக்குகளை ஒன்றாகப் போடும் கடைகளிலும் மண்டபங்களிலும் சி வகை பொருந்துவது இதனால்தான்.

இரண்டாவது வழி என்டிசி தெர்மிஸ்டர். குளிர்ந்திருக்கும்போது 5 ஓம் அல்லது 10 ஓம் மின்தடை காட்டி, சூடேறியதும் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் கரிய வட்டப் பொருள் இது. மின்னணுக் கடைகளில் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும். ரிலேக்கும் பல்புகளுக்கும் இடையே ஃபேஸ் கம்பியில் 10 ஓம் என்டிசி ஒன்றைத் தொடராக வைத்தால், மேலே கணக்கிட்ட 200 ஆம்பியர் 30 ஆம்பியருக்கும் கீழே வந்துவிடும். வாங்கும்போது, தொடர்ந்து சுமக்கக்கூடிய ஆம்பியர், தாங்கக்கூடிய மின்தேக்கி அளவு ஆகிய இரண்டும் உங்கள் கணக்கைவிட அதிகமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இது எரியும் நேரம் முழுவதும் சூடாகவே இருக்கும், எனவே பிளாஸ்டிக்கோ கம்பியின் உறையோ அதைத் தொடாதபடி காற்றோட்டமான இடம் விடுங்கள். அணைத்த சில விநாடிகளிலேயே மறுபடி போட்டால் என்டிசி குளிர்ந்திருக்காது, தடுப்பும் குறைவாகவே கிடைக்கும். நடமாட்ட உணரி வைப்பவர் எரியும் நேரத்தைச் சில நிமிடங்களாக நீட்டி வைத்தால், அடிக்கடி அணைந்து எரிவது குறைந்து, ரிலேயின் ஆயுளும் நீளும்.

மூன்றாவது வழி, நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகண்ட்ரோலர்) வைத்து நிரல் எழுதுபவர்களுக்கு உரியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் பொருள் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. மின்னழுத்தம் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை சுழியை (பூஜ்யத்தை) கடக்கிறது. அந்தக் கணத்தில் தொடுமுனை மூடினால், மின்தேக்கி ஒரேயடியாக 325 வோல்ட்டைச் சந்திக்காமல், அலையோடு மெல்ல ஏறுகிறது. அந்த இடத்தில் அலை மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 100 வோல்ட் வீதம் உயர்வதால், நம் 94 மைக்ரோ ஃபாரட் சுமைக்குப் பாய்வது 10 ஆம்பியர் அளவுதான். 200 எங்கே, 10 எங்கே!

ரிலேக்கு ஆணை கொடுத்த கணத்திலேயே தொடுமுனை மூடுவதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல். முதலில் அந்தத் தாமதத்தை அளக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை முற்றிலும் விலக்கிவிட்டு, தொடுமுனையின் ஒரு பக்கத்தைக் கட்டுப்படுத்தியின் கிரவுண்ட் முனையோடும் மறுபக்கத்தை உள்ளீட்டு முனையோடும் இணைத்து, சுருளுக்கு மின்சாரம் கொடுத்ததிலிருந்து முதல் தொடுகை வரையிலான நேரத்தை ஐம்பது முறை அளந்து சராசரி எடுங்கள். அது 7 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், நேரடி மின்தொடர்பின்றி ஒளியால் சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாகச் சுழிக் கடப்பை உணர்ந்த 3 மில்லி விநாடிக்குப் பிறகு சுருளை இயக்க வேண்டும்; தொடுமுனை அடுத்த சுழியில் மூடும். வெப்பத்தாலும் தேய்மானத்தாலும் ஒரு மில்லி விநாடி தவறினாலும் அந்த இடத்தில் மின்னழுத்தம் 100 வோல்ட்தான், உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை தாமதத்தை மறுபடி அளந்து நிரலைத் திருத்திக்கொள்வது நல்லது. எப்போதும் ஒரே திசை அரை அலையில் மூடும்படி எழுதிவிட்டால், நேர்மின்னோட்டத்தில் நடப்பது போல உலோகம் ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டுக்கு நகர்ந்து சேரும். எனவே ஒருமுறை நேர் அரை அலையிலும் அடுத்த முறை எதிர் அரை அலையிலும் மாற்றி மாற்றி மூடச் செய்யுங்கள். அனுபவமுள்ளவர்கள்கூட இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. இந்த முறை மின்தேக்கிச் சுமைக்கு மட்டுமே பொருந்தும். இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மரைச் சுழியில் போட்டால், அதன் பாய்ச்சல் உச்சத்துக்கே போய்விடும்.

குறைகடத்தியால் இயங்கும் சாலிட் ஸ்டேட் ரிலேயில் தொடுமுனையே இல்லை, எனவே ஒட்டிக்கொள்ளும் பேச்சும் இல்லை. ஆயினும் பழுதாகும்போது அது பெரும்பாலும் ஷார்ட் ஆகியே பழுதாவதால், விளக்கு அணையாத நிலை அங்கும் வரும். அதன் உட்கசிவினால் சிறிய எல்இடி பல்புகள் அணைத்த பின்னும் மங்கலாக எரிவதும் உண்டு. ஓரிரண்டு பல்புகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறாம் படி: நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறு ஒன்றைத் தவிர்த்தல்

மோட்டார், மணி, காண்டாக்டர் சுருள் போன்ற தூண்டல் சுமைகளுக்கு, தொடுமுனையின் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்த தணிப்பியை வைப்பது நல்ல பழக்கம். அதையே எல்இடி விளக்கின் ரிலேக்கும் வைத்துவிடுகிறார்கள். ரிலே திறந்திருக்கும்போதும் அந்த மின்தேக்கி வழியாக 7 மில்லி ஆம்பியர் கசியும். அந்தக் கசிவு பல்பின் உள் மின்தேக்கியைச் சிறிது சிறிதாக நிரப்ப, பல்பு சில விநாடிக்கு ஒருமுறை மின்னி அணையும், அல்லது விடிய விடிய மங்கலாக எரியும். இங்கே எல்இடிக்குத் தேவைப்படுவது போடும் கணத்துக் காப்பு. தணிப்பி காப்பது பிரியும் கணத்தை. எனவே விளக்கு ரிலேயில் அதைக் கழற்றிவிடலாம்.

ஏழாம் படி: பழுதை உறுதிசெய்து மாற்றுதல்

விளக்கு அணையவில்லை என்றதும் ரிலேயைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. முழு வெளிச்சத்தில் எரிகிறதா, மங்கலாகவா என்பதை முதலில் கவனியுங்கள். மங்கலாக எரிந்தால் அல்லது கண் சிமிட்டினால் தொடுமுனை ஒட்டவில்லை. இண்டிகேட்டர் உள்ள சுவிட்சின் நியான் விளக்கோ, மேலே சொன்ன தணிப்பியோ, ஒரே குழாயில் ஃபேஸ் கம்பியோடு நீண்ட தூரம் ஒட்டிச் செல்லும் சுவிட்ச் கம்பியோ காரணமாக இருக்கும். 20 மீட்டர் அப்படி ஒட்டிச் சென்றாலே, சில எல்இடி பல்புகள் லேசாக ஒளிரப் போதுமான கசிவு கிடைத்துவிடும். சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். அது உயிருக்கே ஆபத்தான இணைப்பு, உடனே திருத்த வேண்டியது.

முழு வெளிச்சத்தில் எரிந்தால், ரிலேச் சுருளின் முனைகளில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அணைக்கச் சொன்ன பிறகும் அங்கே மின்னழுத்தம் இருந்தால், பழுது ரிலேயில் இல்லை, அதை இயக்கும் டிரான்சிஸ்டரிலோ நிரலிலோ இருக்கிறது. சுருளில் எதுவும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால், எம்சிபியை இறக்கி, பல்புகளின் கம்பியைக் கழற்றிவிட்டு, ரிலேயின் காம் (பொது) முனைக்கும் என்ஓ (ரிலே இயங்காதபோது திறந்திருக்கும்) முனைக்கும் இடையே மல்டிமீட்டரின் பஸ்ஸரை வையுங்கள். ஒலித்தால் பற்றிக்கொண்டுவிட்டது. அளப்பதற்கு முன் ரிலேயைத் தட்டிவிட வேண்டாம். தட்டினால் சான்று அழிந்துவிடும்.

ஒட்டிய ரிலேயைத் தட்டிப் பிரித்தோ, உறையைத் திறந்து பொட்டை உப்புத்தாளால் தேய்த்தோ மறுபடி பயன்படுத்துவதை யாரும் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ரிலேயின் தொடுமுனையில் வெள்ளிக் கலவை மிக மெல்லிய படலமாக இருக்கலாம். தேய்த்தால் அது போய், அடியிலுள்ள செம்பு வெளிப்பட்டு, அடுத்த பற்று முன்னைவிட விரைவில் விழும். புதிய ரிலே போடும்போது, அதே வகையை வாங்காமல் நான்காம் படியில் சொன்னபடி ஒரு படி உயர்ந்ததை வாங்குங்கள். கால்களின் அமைப்பு பலகைக்குப் பொருந்தாவிட்டால், பழைய சிறு ரிலேயைக் கொண்டு ஒரு காண்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கி, விளக்குகளைக் காண்டாக்டர் வழியாகப் போடலாம். அப்போது ஆறாம் படியில் விலக்கச் சொன்ன தணிப்பி, காண்டாக்டர் சுருளின் குறுக்கே வைக்க வேண்டிய பொருளாகிவிடும்.

மாற்றிய பிறகு, பல்புகளை இணைக்காமல் இருபது முறை இயக்கி, ஒவ்வொரு முறையும் பஸ்ஸர் ஒலித்து நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்துப் பல்புகளை இணைத்து, என்டிசி வைத்திருந்தால் ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு, இன்னும் இருபது முறை இயக்குங்கள். ரிலேயின் வகை, இணைத்த பல்புகளின் எண்ணிக்கை, பொருத்திய தேதி ஆகிய மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னாளில் வேறொருவர் இன்னும் பத்துப் பல்புகளை அதே இணைப்பில் சேர்க்க வரும்போது, முதலில் அவர் கண்ணில் பட வேண்டியது அந்தத் தாள்தான்.